பெரியப்பாவை மூன்று முறை கொன்றவள்

மைதானத்தில் இருபதாயிரம் பேர் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் மட்டும் ஒருவனுடைய காதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இடது காது. அது சிவக்க ஆரம்பித்தால் பத்து நிமிடத்துக்குள் ஏதாவது உடையும், அல்லது பறக்கும், அல்லது யாரோ ஒருவருடைய தாயார் தேவையில்லாமல் பேச்சுக்குள் இழுக்கப்படுவார். அவ்வளவு தூரத்திலிருந்து காதின் நிறம் தெரியுமா என்று கேட்பவர்கள் அக்காவாகப் பிறக்காதவர்கள். காது சிவந்ததும் அவளுடைய விரல்கள் முழங்காலின்மேல் தாமாகவே ஆடத் தொடங்கிவிடும். பக்கத்தில் இருப்பவர்கள், ஏதோ வாத்தியம் வாசிக்கத் தெரிந்தவள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். அவள் மன்னிப்புக் கடிதம் அடித்துக்கொண்டிருப்பாள். குற்றம் இன்னும் நடந்திருக்காது. மன்னிப்பு பாதி தயாராக இருக்கும்.

அவளுக்கு வேலை நீதிமன்றத்துக்கு எதிர்வரிசையில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருக்கும் தட்டச்சு அலுவலகத்தில். மனு, வாக்குமூலம், வாடகை ஒப்பந்தம், விவாகரத்து எல்லாம் அவள் கை வழியாகத்தான் உள்ளே போகும். வக்கீல்கள் முதல் வாசலில் பேனா விற்பவர் வரை எல்லோருக்கும் அவள் டைப்பு அக்கா. அவள் அடிக்கிற வேகத்தில் மேஜை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து சாயங்காலத்துக்குள் வாசலுக்கு வந்துவிடும், அதனால்தான் மேஜைக்காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்பார்கள். செங்கல் இருப்பது உண்மை. நானே பார்த்திருக்கிறேன்.

அவளுடைய தம்பிதான் குக்கர். நடுவர் விசில் அடிப்பதற்கு முன்பே இவன் விசிலடித்துவிடுவான் என்பதால் ரசிகர்கள் வைத்த பெயர். அவன் இடது காலைப் பற்றிச் சொல்வதென்றால் பொழுது போதாது. அவன் அடித்த பந்து ஒருமுறை கோல்கம்பத்தில் பட்டுத் திரும்பியபோது கம்பம் மூன்று நாள் அதிர்ந்துகொண்டிருந்ததாம். எனக்கு மிகைப்படுத்துகிற பழக்கம் இல்லை, இரண்டு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மைதானத்து மூலையிலிருந்து அவன் அடிக்கும் பந்து வளைந்து வந்து, கோல்கீப்பரை நின்று நலம் விசாரித்துவிட்டு, அதன் பிறகுதான் வலைக்குள் போகும். அப்படிப்பட்ட கால். அந்தக் காலுக்கு மேலே இருந்த தலைதான் தொல்லை. கோப்பை வென்ற அன்று கைகுலுக்க வந்த கிளப் தலைவரிடம், "அதெல்லாம் இருக்கட்டும், முதல்ல அந்தப் புல்லை வெட்டச் சொல்லுங்க" என்றவன் அவன். ஒன்பது வருடத்தில் நான்கு கிளப். நான்கும் அவனை வாங்கும்போது மாலை போடாத குறையாக வாங்கின. அனுப்பும்போது கதவுக்கு வெளியே வந்துகூட நிற்கவில்லை.

அம்மா போனபோது அவனுக்குப் பதினொன்று, அவளுக்கு இருபது. அப்பா கப்பலில் வேலைக்குப் போனவர்; இரண்டு தபால் அட்டை வந்தது, பிறகு கப்பலும் வரவில்லை, அட்டையும் வரவில்லை. பெரியப்பாதான் இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். பன்னிரண்டு மாடி ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் இயக்கியவர். தினமும் மேலே கீழே போய்வந்து, கடைசியில் ஏறிய இடத்திலேயே இறங்கியவன் நான் ஒருத்தன்தான் என்று தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வார்.

முதல் கடிதம் பள்ளிக்கூடத்துக்கு. தலைமையாசிரியர் அறை ஜன்னலை உடைத்ததற்காக, அப்போதுதான் தட்டச்சு கற்றுக்கொண்டிருந்தவள் ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தாள். அதைப் படித்துவிட்டு தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஜன்னல் போனா போகட்டும். இதை எழுதினது யாரு?" என்றாராம். ஒரு மனுஷிக்குக் கெட்டுப்போக அது போதாதா?

தொழில்முறை ஆட்டத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான். விதிமீறல் செய்த வீரர் மறுநாள் மாலைக்குள் தன் கிளப்புக்கு எழுத்து மூலம் வருத்தம் தெரிவித்தால் தண்டனை பாதியாகும். குக்கர் வருத்தம் தெரிவிப்பதா? நீட்டிய தாளில் கையெழுத்துப் போடுவான், அவ்வளவுதான். என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. மனுக்களில் ஊறிப்போன அவள் கையிலிருந்து வரும் கடிதமோ தனி ரகம். 'மேற்படி தண்ணீர்ப் பாட்டிலானது எனது கையிலிருந்து தன்னிச்சையாக நழுவி, நடுவரின் திசையில் பயணிக்க நேர்ந்தது' என்று எழுதினாள் ஒருமுறை. அதைப் படித்தவர்கள் நடுவர்தான் பாட்டிலின் வழியில் குறுக்கே வந்துவிட்டாரோ என்று சந்தேகப்பட்டார்கள்.

இப்படிப் பத்தொன்பது கடிதம். காதைப் பார்ப்பதும் கடிதம் அடிப்பதுமாக அவளுடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று போயிற்று. நீதிமன்ற ஆவண அறையில் வேலை பார்த்த ஒருவர் அவளைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்பட்டார். ஓட்டலுக்கு அழைத்துப் போனார். அங்கே சுவரில் தொலைக்காட்சி, அதில் ஆட்டம். எழுபதாவது நிமிடத்தில் அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போனாள். "நீ அவனுக்கு அக்காவா, வக்கீலா?" என்று கேட்டார் அவர். பதில் சொல்ல நேரமில்லை, திரையில் தம்பியின் காது சிவந்துவிட்டது. அவரும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.

இவ்வளவும் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பலகை பறக்கும்வரை.

அன்று குக்கர் இரண்டு கோல் போட்டிருந்தான். மூன்றாவதுக்கு வாய் திறந்து நின்றவனைக் கோச் வெளியே அழைத்தார். ஆளை மாற்றும்போது எண் எரிகிற பலகையைத் தூக்கிப் பிடிப்பாரே ஒருவர், நான்காவது நடுவர், அவர் இவனுடைய எண்ணைத் தூக்கிப் பிடித்தார். குக்கர் நடந்து வந்தான், நின்றான், அதே இடது காலால் பலகையை ஒரு உதை விட்டான். பலகை போன தூரத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் அதைப் பிடித்திருந்த மனிதருடைய இரண்டு விரல்கள் முறிந்தது நிஜம். அன்று மட்டும் தொலைக்காட்சியில் அதை நாற்பது தடவை காட்டினார்கள்.

கிளப்புக்குக் கடிதம் கொடுத்துத் தீர்க்கிற விஷயமாக அது இல்லை; பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. அவனுடைய ஆட்ட உரிமத்தை இரண்டு வருடங்களுக்கு ஏன் நிறுத்தி வைக்கக் கூடாது என்று கால்பந்துச் சங்கத்தின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு கேட்டிருந்தது. வியாழக்கிழமை காலை பத்தரைக்கு நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். அவனுக்கு வயது இருபத்தொன்பது. ஓரமாக ஓடி ஆடுகிறவன் இரண்டு வருடம் வீட்டில் உட்கார்ந்தால், திரும்பி வரும்போது கால் அவனுக்கு முன்னே வராது, பின்னேதான் வரும். இரண்டு வருடம் என்றால் முடிந்தது கதை என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவளை நாற்காலியிலிருந்து எழுப்பியது நோட்டீசின் கடைசி வரி. 'தங்களது முந்தைய கடிதங்கள் அனைத்தும் நான்கு கிளப்புகளிலிருந்தும் வரவழைக்கப்பட்டுள்ளன.'

அவள் வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் அவள் முகம் ஏன் வெளிறியது என்று புரியும். தட்டச்சு அலுவலகத்தில் எந்த மனுவையும் முதலிலிருந்து அடிப்பதில்லை. மாதிரி ஒன்று கம்ப்யூட்டரில் இருக்கும். மாற்ற வேண்டிய இடங்களை மஞ்சளாக்கி வைத்திருப்பார்கள். பெயர், தேதி, முகவரி. மஞ்சளை மட்டும் மாற்றினால் மனு தயார். தம்பிக்கும் அவள் அப்படி நான்கு மாதிரிகள் வைத்திருந்தாள்: கோபம், வாய்ப்பேச்சு, பொருட்சேதம், துக்கம். பயிற்சிக்கு வராமல் போனாலோ அணியின் பேருந்தைத் தவறவிட்டாலோ துக்கம். 'என்னைத் தந்தையாய் இருந்து வளர்த்த பெரியப்பா நேற்று மாரடைப்பால் காலமானதால் ஆற்றொணாத் துயரத்தில் ஆழ்ந்து...' என்று போகும் அது. அதில் தேதியும் கிளப்பும் மஞ்சள். பெரியப்பா மஞ்சள் இல்லை.

அவசரத்தில் அடிக்கும் கை மஞ்சளைத் தவிர வேறெதையும் பார்க்காது. முதல் கிளப்பில் ஒரு தடவை, இரண்டாவது கிளப்பில் ஒரு தடவை, இப்போதைய கிளப்பில் ஒரு தடவை. மூன்று தேதிகளில் மூன்று மாரடைப்பு, ஒரே பெரியப்பா. ஒரு கிளப்பின் கடிதத்தை இன்னொரு கிளப் பார்க்கப் போகிறதா என்று அவள் கவலையே படவில்லை. இப்போது மூன்றும் ஒரே கோப்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருந்தன.

மறுநாள் அலுவலகத்தில் அவளால் ஐந்து நிமிடம் சேர்ந்தாற்போல உட்கார முடியவில்லை. எழுந்து தண்ணீர் குடித்தாள், வாசலுக்குப் போனாள், திரும்பி வந்தாள், காற்றாடியைக் கூட்டினாள், குறைத்தாள். முதலாளி ஒரு ஒப்பந்தத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது, குடியிருக்கறவன் வீட்டுக்காரனாயிட்டான், வீட்டுக்காரன் குடித்தனக்காரனாயிட்டான்?"

"மாத்திடறேன் சார்."

"மாத்தாம விட்டா ஒரு ஏழைக்கு வீடாவது கிடைக்கும். என்ன ஆச்சு உனக்கு?"

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு இப்போதைய கிளப்பின் செயலாளரைப் பார்க்கப் போனாள். அவர் கடிதங்களை வரிசையாக அடுக்கிக் கட்டுகிற மனிதர். குண்டூசியைக்கூட நேராகத்தான் வைப்பார்.

"சார், தம்பியோட கடிதம் ஒண்ணை மட்டும் திரும்ப எடுத்துக்கலாமா?"

"எந்தக் கடிதம்மா?"

"அந்தத் துக்கக் கடிதம்."

செயலாளர் முகத்தை இறக்கிக்கொண்டார். "அதை மறக்க முடியுமா? நான்தான் எல்லாருக்கும் வாசிச்சேன். அணி மொத்தமும் எழுந்து நின்னு ஒரு நிமிஷம் மௌனமா இருந்தோம். கோச் கண்ணுலகூடத் தண்ணி. தம்பிகிட்ட யாரும் துக்கம் விசாரிச்சு அவன் மனசைக் கிளறக் கூடாதுன்னும் சொல்லிட்டேன். உங்க பெரியப்பா ரொம்பப் பெரிய மனுஷராமே!"

"ஆமா சார். அந்தக் கடிதம்..."

"கவலைப்படாதீங்க. உங்க தம்பிக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியட்டும்னு அதைத்தான் எல்லாத்துக்கும் மேல வெச்சு அனுப்பியிருக்கேன்."

பெரியப்பாவிடம் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. அவர் கூடத்தில் செய்தித்தாளை விரித்து அதன்மேல் மேஜை மின்விசிறியைப் பிரித்துப் போட்டிருந்தார். வயது எழுபத்தெட்டு. இதயம் சுவர்க்கடிகாரம் மாதிரி அடித்தது.

"பெரியப்பா, கோவிச்சுக்கக் கூடாது. நீங்க செத்துப்போயிட்டதா எழுதிட்டேன்."

"எப்போ?"

"மூணு தடவை."

அவர் திருப்புளியைக் கீழே வைத்தார். "எதுல போனேன்?"

"மாரடைப்பு."

"மூணு தடவையுமா? ஒரு தடவையாவது கொஞ்சம் மாத்திப் போடக் கூடாது? உனக்குக் கற்பனையே கிடையாதா? நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில மாடிக்கு ஒரு வியாதி இருந்துது. கேட்டிருந்தா லிஸ்டே கொடுத்திருப்பேனே!"

"விளையாடாதீங்க பெரியப்பா. வியாழக்கிழமை இது வெளிய வந்தா, பொய்க் கடிதம் கொடுத்தான்னு அவனை ஒரேயடியா முடிச்சிடுவாங்க. பலகையை உதைச்சது அவன். ஆனா முடிச்சது நானாயிடுவேன்."

அவர் திருப்புளியை மறுபடி எடுத்து ஒரு திருகாணியை முடுக்கினார். "அவன்கிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா கத்துவான்."

"சொல்லலைன்னா அங்க போய்க் கத்துவான். எந்த இடம் வசதின்னு பார்த்துக்கோ."

சொல்லத்தான் நினைத்தாள். திங்கட்கிழமை காலை அவன் மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடிக்கொண்டிருந்தான். அவளும் இரண்டு மாடி பின்னாலேயே ஓடி, மூச்சு வாங்கியதில் சொல்ல வந்தது நின்றுவிட்டது. செவ்வாய்க்கிழமை அவன் கூடத்தில் பந்தைக் கீழே விடாமல் தட்டிக்கொண்டிருந்தான். "ஒண்ணு சொல்லணும்டா" என்றாள். "நானூத்திப் பன்னெண்டு" என்றான் அவன். எண்ணிக்கை அறுநூறைத் தாண்டியபோது அவளுக்கு அலுவலகம் நேரமாகிவிட்டது. புதன்கிழமை அவன் அறைக்குள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது. சுவரிலிருந்து சுவருக்கு ஏழடி, திரும்பி ஏழடி. கதவைத் தட்டக் கையைத் தூக்கினாள்; இறக்கினாள். வியாழக்கிழமை டாக்சியில் அவள் வாயைத் திறந்ததும் அவன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டான்.

விசாரணை மூன்றாவது மாடியில். நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில், பற்களைத் தந்தியடிக்க வைக்கும் ஏ.சி. நடுவில் தலைவர், ஓய்வு பெற்ற நீதிபதியம்மா. ஒரு பக்கம் பழைய கோல்கீப்பர் ஒருவர், இன்னொரு பக்கம் ஒரு டாக்டர். இந்தப் பக்கம் குக்கர். பின்வரிசையில் அவள், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல்.

நீதிபதியம்மா கோப்பைத் திறந்தார். மேலே இருந்ததைப் படித்தார். இன்னொன்றை எடுத்தார். மூன்றாவதை எடுத்தார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, டாக்டர் பக்கம் தள்ளினார்.

"டாக்டர், இது சாத்தியமா?"

டாக்டர் மூன்று தேதிகளையும் பார்த்தார். "ஒரு தடவை வரைக்கும் சாத்தியம் மேடம்."

"என்ன அது?" என்றான் குக்கர்.

"உங்க பெரியப்பா மூணு தடவை இறந்திருக்கார்."

குக்கரின் காது சிவக்கவில்லை. முதன்முறையாக அது வெள்ளையாகப் போனதை அவள் பார்த்தாள். அதே நேரம் பின்னால் கதவு திறந்தது. தேய்த்த சட்டை, வாரிய தலை. பெரியப்பா பேருந்து பிடித்து வந்திருந்தார்.

"இவர் யாரு?" என்றார் நீதிபதியம்மா.

"பெரியப்பா" என்றான் குக்கர்.

"எந்தப் பெரியப்பா?"

"எங்களுக்கு இருக்கறது ஒருத்தர்தான் மேடம்."

"வணக்கம்மா" என்றார் பெரியப்பா. "உசுரோட இருக்கேன்னு வேற யாரு வந்து சொல்வாங்க? அதான் நானே வந்துட்டேன்."

டாக்டர் தண்ணீர் குடித்தார். கோல்கீப்பர் மேஜைக்கடியில் எதையோ தேடினார். நீதிபதியம்மா சிரிக்கவில்லை; முப்பது வருடப் பழக்கம்.

"இந்தக் கடிதங்களை நீங்கதான் எழுதினீங்களா?" என்று குக்கரைக் கேட்டார்.

குக்கர் திரும்பிப் பார்த்தான். அக்கா பாதி எழுந்திருந்தாள்.

"நான்தான் எழுதினேன்" என்றான் அவன் சட்டென்று.

கோல்கீப்பர் ஒரு தாளை எடுத்தார். "நல்லா எழுதியிருக்கீங்க. இதுல 'ஆற்றொணாத் துயரம்'னு வருதே, அப்படின்னா என்ன?"

குக்கர் யோசித்தான். "அது... ஆத்துப் பக்கம் நடந்த ஒரு துயரம் சார்."

"உக்காருடா" என்றாள் அவள். முழுதாக எழுந்து நின்றுவிட்டாள். "நான் எழுதினேன் மேடம். பத்தொன்பதும் நான்தான். அவன் படிச்சதுகூட இல்ல. பெரியப்பாவைக் கொன்னது என்னோட தப்பு. மாதிரியில தேதியை மட்டும் மாத்தினேன், ஆளை மாத்தலை. தண்டனை எதுவா இருந்தாலும் எனக்குக் கொடுங்க."

"நிறுத்தி வைக்க உங்ககிட்ட உரிமம் எதுவும் இல்லையேம்மா" என்றார் நீதிபதியம்மா. பிறகு குக்கரைப் பார்த்தார். "அப்போ ஒன்பது வருஷமா நீங்க ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கலை. தண்டனையில பாதியை மட்டும் கழிச்சுக்கிட்டீங்க."

குக்கர் முன்னாலிருந்த பாட்டிலின் மூடியைத் திருகினான்.

"இப்போ கேளுங்க. உங்க வாயால."

அவன் தரையைப் பார்த்தான். காது சிவக்கத் தொடங்கியது. பின்வரிசையில் அவளுடைய விரல்கள் புடவை மடிப்பில் ஓடின. ஒரு வரிகூட வரவில்லை.

"மொத்தமா கேக்க முடியாது மேடம்" என்றான் அவன். "ஒவ்வொண்ணா படிங்க. எதுக்கு வருத்தமோ அதுக்குச் சொல்றேன்."

"இது என்ன பேரமா?"

"வருத்தமில்லாததுக்கும் வருத்தம்னு சொன்னா, அது அக்கா எழுதினது மாதிரிதானே இருக்கும்?"

நீதிபதியம்மா கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். தண்ணீர்ப் பாட்டில்? "வருத்தம். அவர் மேல எந்தத் தப்பும் இல்ல, நான்தான் ஆஃப்சைடு." கோச் மேல் ஷூ எறிந்தது? "வருத்தமில்ல. எங்க டீம்ல ஒருத்தனை அவன் அம்மாவை வெச்சுத் திட்டினார். இன்னொரு ஷூ மாட்டியிருந்தேன், முடிச்சு அவிழலை. இல்லைன்னா அதுவும் போயிருக்கும்." புல்லைப் பற்றிப் பேசியது? "அந்தப் புல்லுல ரெண்டு பேருக்கு முட்டி போச்சு. இன்னமும் வெட்டலை." கோல்கீப்பர் தன்னையறியாமல் தலையாட்டிவிட்டு, நீதிபதியம்மா பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"பயிற்சிக்கு வராதது. மூணு தடவை."

"தூங்கிட்டேன்."

"மூணு தடவையுமா?"

"மூணு தடவையும் தூங்கிட்டேன். அதுக்கு வருத்தம்."

"அடப்பாவி!" என்றார் பின்னாலிருந்து பெரியப்பா. "உன் தூக்கத்துக்காகவா நான் செத்தேன்?"

பெனால்டியைத் தவறவிட்டுவிட்டு, கேப்டன் பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, ஆட்டம் முடியாமலே களத்தை விட்டுப் போனதைப் படித்தபோது அவன் எதுவும் சொல்லவில்லை. ஏ.சி. இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. "அடுத்தது படிங்க" என்றான் கடைசியில்.

"பலகை."

"வருத்தம்" என்றான் உடனே. "அவர் எண்ணைத் தூக்கிப் பிடிச்சார், அவ்வளவுதான். கோச் மேல இருந்த கோவம். அந்தக் கை அங்க இருக்கும்னு நான் நெனச்சே பாக்கலை. பாத்திருக்கணும்."

பத்தொன்பது கடிதமும் பலகையுமாக இருபதில், ஏழுக்கு வருத்தம். பன்னிரண்டுக்கு இல்லை. ஒன்றுக்குப் பதிலே இல்லை. குழு பேசி முடிவெடுக்கும், வெளியே இருங்கள் என்றார்கள். கோப்பின் நகலை அவன் கேட்டு வாங்கிக்கொண்டான்.

வெளியே நீள நடைபாதை, ஒரு பெஞ்சு. பெரியப்பா பழக்க தோஷத்தில் லிஃப்டைப் பார்க்கப் போய்விட்டார். குக்கர் பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றிலிருந்து படிக்கத் தொடங்கினான். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. அவள் நடந்தாள். ஜன்னல் வரைக்கும், திரும்பி அறிவிப்புப் பலகை வரைக்கும். தாள் புரளும் சத்தம் கேட்கும்போதெல்லாம் திரும்பிப் பார்த்தாள். ஒரு இடத்தில் அவன் சிரித்தான். பாட்டில் பயணித்த இடமாக இருக்க வேண்டும். பிறகு ஒரு தாளில் நின்றுவிட்டான்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்க."

அவள் நடையை நிறுத்தினாள். களத்தை விட்டுப் போனதற்கான கடிதம்.

"'அன்று வீட்டுக்கு வந்து குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு ஒரு மணி நேரம் அழுதேன்.' யாரு அழுதா?"

"குழாயைத் திறந்து விட்டா வெளிய கேக்காதுன்னு நெனச்சியாடா?"

"இதை கிளப் பூரா படிச்சிருப்பாங்க."

"படிச்சிருப்பாங்க."

"மத்ததெல்லாம் பொய்யா எழுதின. இதை மட்டும் ஏன் நிஜமா எழுதின?"

"அன்னிக்கு எந்த மாதிரியும் பொருந்தலைடா" என்றாள் அவள்.

அவன் அந்தத் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். கோபமா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. காதைப் பார்த்தாள். முடி மறைத்திருந்தது.

கதவு திறந்தது. நீதிபதியம்மா தீர்ப்பை எழுதிக்கூட வைத்துக்கொள்ளவில்லை, வாயாலேயே சொன்னார். எட்டு மாதம் ஆடக் கூடாது. எட்டு மாதம் கழித்து உரிமம் உண்டு. வருத்தம் என்று சொன்ன ஏழுக்கும், சம்பந்தப்பட்டவர்களுக்கு அவன் தன் கையெழுத்தில் எழுத வேண்டும், தேவைப்பட்டால் நேரில் போக வேண்டும். பன்னிரண்டைப் பற்றி, "அதை உங்க மனசாட்சி பார்த்துக்கட்டும், இந்தக் குழு பாராட்டவும் இல்லை" என்றார். பிறகு பின்வரிசையைப் பார்த்தார்.

"உங்க எழுத்து இந்த அலுவலகத்துக்குள்ள இனிமே எந்த ரூபத்துலயும் வரக் கூடாது. என்றைக்குமே."

ஆக, அந்தக் குடும்பத்தில் ஆயுள் தடை வாங்கியவள் கால்பந்தைக் காலால் தொட்டுக்கூடப் பார்க்காதவள்.

அன்று பிற்பகலே அவன் சாப்பாட்டு மேஜையில் கோடு போட்ட தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முதல் கடிதம் பலகைக்காரருக்கு. எட்டு மாதம் என்றதும் அவனுக்கு ஒரு நாள்கூட வீணாக்க மனமில்லை. ஏழையும் ஒரு வாரத்தில் முடித்துவிட்டு ஓடப் போக வேண்டுமாம். பேனாவை அவன் பிடித்திருந்த விதம் அவளுக்குப் பார்க்கச் சகிக்கவில்லை. சமையலறைக்குப் போனாள். வந்தாள். மேஜை விரிப்பை இழுத்துச் சரிசெய்தாள். அவன் பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி இடது கையால் தாளை மறைத்துக்கொண்டான்.

"எட்டிப் பாக்காத."

"தண்ணி குடிக்க வந்தேன்டா."

"இது நாலாவது தண்ணி."

"'இதனால் தங்களுக்கு ஏற்பட்ட'ன்னு ஆரம்பிச்சா நல்லா..."

"அக்கா. தடை."

வாயைப் பொத்திக்கொண்டு திரும்பினாள். கைகளைப் பின்னால் கட்டினாள், அவிழ்த்தாள். ஒன்பது வருடமாக அவளுடைய ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்ற வேலை அது. போய்த் தொலைந்தது என்று நிம்மதியாக உட்கார வேண்டியவள். உட்கார முடியவில்லை. அவன் எழுதினான், அடித்தான், தாளைக் கிழித்தான், மறுபடி எழுதினான். கடைசியில் தேறியது நாலு வரிதான் என்று பேனாவின் சத்தத்தைக் கேட்டே அவள் கணக்கிட்டாள். நாலு வரியில் என்ன சொல்லிவிட முடியும்? அவளாக இருந்தால் முன்னுரைக்கே நாலு வரி போதாது.

மடித்து உறைக்குள் போட்டு ஒட்டினான். நேரில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். படியில் அவன் இறங்குகிற சத்தம் ஒரு மாடி கேட்டது, இரண்டாவது மாடி கேட்டது, நின்றது. திரும்ப மேலே ஏறி வந்தது. கதவில் நின்றான், உறையைக் கையில் பிடித்தபடி. உறையின் மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"அக்கா, அவர் பேரு என்ன?"

அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றது. நாற்பது தடவை காட்டிய தொலைக்காட்சியும் சொல்லவில்லை, நோட்டீசும் 'நான்காவது நடுவர்' என்றே போட்டிருந்தது, அவளும் கேட்டதில்லை.

"தெரியலைடா" என்றாள்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் காதும் சிவந்தது, அவள் காதும் சிவந்தது.

"சரி, கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி இறங்கினான், இந்தத் தடவை இரண்டிரண்டு படியாக. அவள் ஜன்னலுக்கு ஓடினாள். தெருவில் அவன் ஒரு பக்கம் திரும்பினான், நின்றான், எந்தப் பக்கம் போய் யாரைக் கேட்பது என்று தெரியாமல் கொஞ்சம் தடுமாறினான், பிறகு ஓடத் தொடங்கினான்.